வயர்கார்டு: ஆபீஸ் சர்வருக்குள் வெளியிலிருந்து வருவதற்கான விபிஎன், என் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேலியோ, எஸ்ஏபி பிசினஸ் ஒன்னோ, உள்ளூர் ஆள் எழுதிக் கொடுத்த ஈஆர்பியோ (கணக்கு, ஸ்டாக் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்), எது ஓடும் சர்வராக இருந்தாலும் சரி, வெளியிலிருந்து ஆட்கள் உள்ளே வந்து வேலை பார்க்க வேண்டும் என்றால் நான் வயர்கார்டு என்ற விபிஎன்னைத்தான் (இணையத்துக்குள் நமக்கு மட்டுமான பூட்டிய வழி போடும் சாஃப்ட்வேர்) போடச் சொல்வேன். காசு கிடையாது, வேகம் உண்டு, உள்ளே இருக்கும் குறியாக்கத்தில் (என்கிரிப்ஷன், அதாவது டேட்டாவை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) நாம் கைவைத்துக் கெடுக்க ஒன்றுமே இல்லை. ஆனால் யாருக்கு அனுமதி, யார் வேலையை விட்டுப் போனார், எந்த லேப்டாப் தொலைந்தது என்கிற கணக்கு முழுவதையும் அது நம்மிடம் விட்டுவிடும். அந்தக் கணக்கைப் பார்க்க ஒரு ஆள் இல்லாத இடத்தில் இது பாதி வேலைதான் செய்யும். இந்த இரண்டாவது பாதியைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பார்க்கும் இடங்கள் பெரும்பாலும் திருப்பூர், கோயம்புத்தூர் பக்கத்துக் கம்பெனிகள். பனியன் ஏற்றுமதி, சாயப்பட்டறை, பம்ப்செட், ஸ்பேர் பார்ட்ஸ் டீலர் இப்படி. ஆபீஸில் ஒரு மூலையில் சர்வர் இருக்கும். முதலாளி ராத்திரி வீட்டிலிருந்து வசூல் பார்க்க வேண்டும், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடுவதற்கு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒருவர் உள்ளே வர வேண்டும், குடோனில் இருப்பவர் ஸ்டாக் ஏற்ற வேண்டும். இதற்குப் பல இடங்களில் செய்து வைத்திருப்பது ஒன்றுதான்: ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல் எண்) சர்வர் பக்கம் திருப்பிவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பில் (தூரத்திலிருந்து சர்வர் திரையில் வேலை பார்க்கும் வசதி) ஸ்டேட்டிக் ஐபியை, அதாவது மாறாத இணைய முகவரியைப் போட்டு எல்லாரையும் வரச் சொல்வது. கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் 3389க்குப் பதிலாக 33890 என்று மாற்றி வைத்திருப்பார். அதனால் எதுவும் மறைந்துவிடாது, ஏனென்றால் இணையத்தில் இருக்கும் ஐபி எல்லாவற்றையும் போர்ட் போர்ட்டாகத் துழாவிக்கொண்டே இருக்கும் ஸ்கேனர்கள் ராப்பகலாக ஓடுகின்றன, எந்தப் போர்ட்டில் வைத்தாலும் ரிமோட் டெஸ்க்டாப் பதில் சொல்லும் விதத்தை வைத்தே அது என்ன என்று கண்டுபிடித்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். "ரிமோட் டெஸ்க்டாப்பே என்கிரிப்ட் ஆகித்தானே போகிறது, அப்புறம் எதற்கு விபிஎன்" என்று கேட்பவர்கள் சொல்வது உண்மைதான். இன்றைய ரிமோட் டெஸ்க்டாப் டிஎல்எஸ் என்ற குறியாக்கத்தின் மேல்தான் போகிறது, நடுவில் உட்கார்ந்து படிப்பது சுலபமில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. லாகின் கேட்கும் இடத்தை உலகம் முழுவதற்கும் காட்டி வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், "அட்மின்", "டேலி", "அக்கவுண்ட்ஸ்" என்று யூசர் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இன்னொரு பக்கம், பாஸ்வேர்டே தேவைப்படாத ஓட்டைகளும் வரும். 2019 மே மாதம் வெளியான ப்ளூகீப் அந்த வகை. லாகின் செய்வதற்கு முன்பாகவே உள்ளே நுழைய விடும் ஓட்டை அது, அதன் தீவிரத்தைப் பார்த்து, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும் கூட மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்தது. என்கிரிப்ஷன் இருந்தும் அங்கே பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் யார் என்றே தெரியாத ஆளோடு சர்வர் பேச ஆரம்பித்துவிடுகிறது.

வயர்கார்டின் பெரிய பலம் இதில்தான். தெரியாத ஆள் அனுப்பும் பாக்கெட்டுக்கு (டேட்டா போகும் சின்னப் பொட்டலம்) அது பதிலே சொல்லாது. "தப்பான கீ" என்றுகூடச் சொல்லாது (கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதிலாக மெஷினில் இருக்கும் சாவி). வீட்டுக்குள் ஆள் இருந்தும், குரல் தெரிந்தவருக்கு மட்டும் தாழ் திறந்து மற்றவர்கள் தட்டினால் மூச்சுக்கூட விடாமல் இருப்பது போல. வருகிறவரின் முதல் பாக்கெட்டிலேயே அவர் நம்மிடம் பதிவான கீ உள்ளவர்தான் என்பதற்கான சான்று இருக்க வேண்டும், இல்லையென்றால் பாக்கெட் அப்படியே தூக்கி எறியப்படும். யுடிபி (பாக்கெட் அனுப்பும் ஒரு முறை, இன்னொன்று டிசிபி) போர்ட் ஒன்றுதான் அதற்குத் தேவை, வழக்கமாக 51820. வெளியிலிருந்து ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒரு விபிஎன் இருப்பதே தெரியாது. நான் இத்தனை விபிஎன் பார்த்ததில் ஒரு சின்னக் கம்பெனிக்கு உண்மையில் தேவையான அம்சம் எது என்று கேட்டால் இந்த மௌனத்தைத்தான் சொல்வேன்.

இதை எழுதியவர் ஜேசன் டோனன்ஃபெல்ட். 2017இல் ஒரு ஆய்வுக் கட்டுரையாக இதன் வடிவமைப்பை வெளியிட்டார், 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இது அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. அதற்கு முன்பே 2018இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பழைய விபிஎன்களான ஓபன்விபிஎன்னோடும் ஐபிசெக்கோடும் ஒப்பிட்டு இதை ஒரு கலைப்படைப்பு என்று பாராட்டியிருந்தார், அவர் சாதாரணமாக யாரையும் பாராட்டுகிற ஆளில்லை. கெர்னலில் சேரும்போது இதன் கோடு சுமார் 4,000 வரிகள். ஓபன்விபிஎன்னையும் அதற்கு அடியில் குறியாக்க வேலையைப் பார்க்கும் ஓபன்எஸ்எஸ்எல்லையும் சேர்த்தால் பல லட்சம் வரி. ஒரு ஆள் உட்கார்ந்து முழுவதையும் படித்துப் பார்த்துவிடலாம் என்பது பாதுகாப்பு விஷயத்தில் சாதாரண நன்மை இல்லை. 2014இல் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வந்தபோது ஓபன்எஸ்எஸ்எல்லை நம்பியிருந்த ஓபன்விபிஎன் சர்வர்களும் சேர்ந்தே மாட்டின என்பதை நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

குறியாக்கத்தில் தேர்வு என்பதே கிடையாது. கீ பரிமாற்றத்துக்கு கர்வ்25519, டேட்டாவுக்கு சாச்சா20-பாலி1305, டேட்டாவின் கைரேகை போன்ற ஹாஷுக்கு பிளேக்2எஸ், அவ்வளவுதான், மாற்ற முடியாது. பழைய விபிஎன் பெட்டிகளில் ஒரு பக்கம் முழுக்க சைஃபர் (குறியாக்க முறை) பட்டியல் வரும், யாரோ ஒருவர் "கனெக்ட் ஆகவில்லை" என்று ட்ரிபிள் டெஸ் என்ற பழைய சைஃபரை டிக் செய்து வைத்துவிட்டுப் போயிருப்பார், வருஷக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். 2014இன் பூடில், 2015இன் லாக்ஜாம் எல்லாமே இரண்டு பக்கமும் பேரம் பேசி ஒரு பழைய பலவீனமான முறைக்கு இறங்கி வரும் வசதியைப் பிடித்துக்கொண்டு வந்த தாக்குதல்கள். வயர்கார்டில் பேரமே இல்லை. நாளைக்கு இந்த முறைகளில் ஒன்று உடைந்தால் எல்லா மெஷினிலும் புது வெர்ஷன் போட வேண்டி வரும், அது உண்மை. ஆனால் முப்பது நாற்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு அது ஒரு வார வேலை, தாங்கிக்கொள்ளலாம். தவிர, இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறக்குறைய 2 நிமிஷத்துக்கு ஒருமுறை புது செஷன் கீ (அந்த நேரத்துக்கு மட்டுமான சாவி) போட்டுக்கொள்ளும். இன்றைக்குப் பதிவு செய்து வைத்த டிராஃபிக்கை, பின்னால் லேப்டாப்பைத் திருடி அதிலிருக்கும் கீயை எடுத்தாலும் திறக்க முடியாது.

வேகத்தைப் பற்றிப் பெரிதாக எழுதத் தேவையில்லை. 2017 கட்டுரையில் கிகாபிட் லைனில் வயர்கார்டு 1011 எம்பிபிஎஸ், ஓபன்விபிஎன் 258 என்று ஒரு கணக்கு இருந்தது. அது பழைய கணக்கு, அவர்கள் தளத்திலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் ஃபைபர் லைனில் ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டுவதற்கு எது போட்டாலும் வேகம் போதும். எனக்குப் பிடித்தது வேகத்தைவிட, இணைப்பு மாறும்போது அறுந்துபோகாத குணம். வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும், கோவையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது சிக்னல் போய் வந்தாலும், அந்தக் கீயோடு வரும் பாக்கெட் எந்தப் புது ஐபியிலிருந்து வருகிறதோ அங்கேயே பதிலை அனுப்ப ஆரம்பித்துவிடும். டேலியில் பாதி வவுச்சர் போட்டுக்கொண்டிருப்பவர் திரும்ப லாகின் செய்ய வேண்டியதில்லை.

டேலி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விபிஎன் வந்துவிட்டது என்பதற்காக டேட்டா ஃபோல்டரை ஷேர் போட்டு, வீட்டு லேப்டாப்பில் இருக்கும் டேலியில் நேரடியாகத் திறக்காதீர்கள். ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டாகப் படித்து எழுதும் எந்த சாஃப்ட்வேரும் லேனில் (ஆபீஸுக்குள் இருக்கும் நெட்வொர்க்) பறக்கும், டனல் (விபிஎன் போடும் அந்தப் பூட்டிய வழி) வழியாக நகரவே நகராது, நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெடவும் வாய்ப்பிருக்கிறது. டனல் வழியாக ரிமோட் டெஸ்க்டாப், அதற்குள் டேலி, இதுதான் சரியான வரிசை. ஒரே நேரத்தில் பலர் வருகிறார்கள் என்றால் அதற்கான ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸையும் முறையாக வாங்கிவிடுங்கள், இணையத்தில் கிடைக்கும் பேட்ச் ஃபைலை சர்வரில் ஏற்றிவிட்டு மேலே எவ்வளவு நல்ல விபிஎன் போட்டாலும் அர்த்தமில்லை.

எஸ்ஏபி பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எஸ்ஏபி ஜியூஐ (நம் மெஷினில் ஓடும் எஸ்ஏபி திரை) சர்வரோடு பேசும் முறையில் தானாக என்கிரிப்ஷன் கிடையாது, சுருக்கி அனுப்பும், அவ்வளவுதான். அதற்கு எஸ்என்சி என்ற வசதியை எஸ்ஏபியே கொடுக்கிறது, தனியாக ஆன் செய்ய வேண்டும். 3299 போர்ட்டில் எஸ்ஏபி ரவுட்டர் வைத்துவிட்டோம், அதனால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு, ஆனால் அது வழியை ஒழுங்குபடுத்துமே தவிர எஸ்என்சி இல்லாமல் டேட்டாவை மூடாது. எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் ஓடும் பிசினஸ் ஒன் அல்லது உள்ளூர் ஈஆர்பி என்றால் பெரும்பாலும் க்ளையண்ட் நேரடியாக எஸ்க்யூஎல் சர்வரோடு 1433இல் பேசும். அதில் பழைய டிரைவர்களில் (டேட்டாபேஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்) லாகின் மட்டும் மூடிப் போகும், பின்னால் போகும் பில், சம்பளம், பார்ட்டி பாக்கி எல்லாம் திறந்தபடி போகும், 2022இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஓடிபிசி டிரைவர் 18இல்தான் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும்படி செய்தார்கள். வயர்கார்டு இந்த எல்லாவற்றையும் வெளி லைனில் மூடிவிடும். டனல் முடிகிற இடத்திலிருந்து சர்வர் வரைக்கும் உள்ள லேனில் மூடாது. அதனால் முடிந்தால் டனலை சர்வரிலேயே முடியுங்கள், முடியாவிட்டால் எஸ்என்சியையும் டிஎல்எஸ்ஸையும் அதன் இடத்தில் தனியாகப் போடுங்கள்.

இனி அது செய்யாததற்கு வருகிறேன். வயர்கார்டில் யூசர் என்ற ஒன்று கிடையாது. பாஸ்வேர்டு கிடையாது, ஓடிபி கிடையாது, தானாக ஐபி கொடுக்கும் வசதிகூடக் கிடையாது. 44 எழுத்தில் ஒரு பப்ளிக் கீ (வெளியே கொடுக்கலாம், அதன் ஜோடியான பிரைவேட் கீதான் ரகசியம்), அதற்கு ஒரு ஐபி, முடிந்தது. பாஸ்வேர்டு இல்லை என்பது ஒரு வகையில் நல்லது. 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய்க் கம்பெனியான கலோனியல் பைப்லைனை நிறுத்தி வைத்தவர்கள் உள்ளே வந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு. இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இல்லை, கசிந்த ஒரு பாஸ்வேர்டு போதுமாக இருந்தது, கம்பெனி 75 பிட்காயின் கப்பம் கொடுத்தது. வயர்கார்டில் கசிவதற்கு பாஸ்வேர்டு இல்லை. ஆனால் அந்தக் கதையின் இன்னொரு பாதி, அதாவது யாரும் பயன்படுத்தாத கணக்கை யாருமே மூடவில்லை என்பது, வயர்கார்டிலும் அப்படியே நடக்கும். வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் கீயை நாம் எடுக்கும் வரை அது செல்லும். அதற்குக் காலாவதி தேதி என்று ஒன்று இல்லை.

ஆகவே ஒரு நோட்டு வேண்டும். எக்செல் ஆனாலும் சரி, காகித நோட்டு ஆனாலும் சரி. எந்தக் கீ, யாருடையது, எந்த மெஷின், என்றைக்குக் கொடுத்தது, என்றைக்கு எடுத்தது. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சர்வரில் "டபிள்யூஜி ஷோ" என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு கீயும் கடைசியாக எப்போது கை குலுக்கியது (இணைப்பைப் போட்டது) என்று காட்டும், மூன்று மாதமாக வராத கீயை யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். எடுப்பது ஒரே வரி கட்டளை, அந்த நொடியே அவர் வெளியே, வேறு விபிஎன்களில் இருக்கும் சர்ட்டிஃபிகேட் ரத்துப் பட்டியல் போன்ற சுற்றெல்லாம் இல்லை. நல்ல வசதி, யாராவது செய்தால்.

அடுத்தது, கீ கொடுக்கும் விதம். நான் பார்த்த பல இடங்களில், ஐடி பார்ப்பவர் சர்வரில் உட்கார்ந்து எல்லாருக்கும் கான்ஃபிக் ஃபைல் (இணைப்பு விவரம்) தயார் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்த ஃபைலுக்குள் பிரைவேட் கீ இருக்கிறது. அது அவருடைய ஃபோனில், வாங்கியவர் ஃபோனில், அப்புறம் அவர் அதை வீட்டு கம்ப்யூட்டருக்கு ஃபார்வர்டு செய்யும்போது இன்னும் நாலு இடத்தில் தங்கிவிடும். இதற்கு அவசியமே இல்லை. விண்டோஸ் ஆப்பில் காலி டனல் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் அந்த மெஷினிலேயே கீ ஜோடியை உருவாக்கிவிடும், பிரைவேட் கீ அங்கேயே இருக்கட்டும், பப்ளிக் கீயை மட்டும் காப்பி செய்து அனுப்பச் சொல்லுங்கள். பப்ளிக் கீ வாட்ஸ்அப்பில் போவதால் ஒரு நஷ்டமும் இல்லை. ஒரே ஃபைலை இரண்டு பேருக்குக் கொடுப்பதும் கூடாது. பாதுகாப்பை விடுங்கள், வேலையே செய்யாது, ஒருவர் பாக்கெட் அனுப்பும்போது சர்வர் அவர் பக்கம் திரும்பும், அடுத்தவர் அனுப்பும்போது இவர் பக்கம் திரும்பும், இரண்டு பேரும் "லைன் அறுகிறது" என்று ஃபோன் செய்வார்கள்.

லேப்டாப் தொலைந்தால் கீயும் தொலைந்தது. விண்டோஸ் ஆப் கான்ஃபிக்கை டிஸ்க்கில் மூடித்தான் வைக்கிறது, ஆனால் அந்த மெஷினில் அட்மினாக உள்ளே வந்தவர் அதை வெளியே எடுத்துவிடலாம். எனவே டிஸ்க் முழுவதற்கும் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்), ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஒழுங்கான பாஸ்வேர்டு, இரண்டும் இருக்கட்டும். பணியாளர்களை அட்மினாக வைக்காமலேயே டனலை ஆன், ஆஃப் மட்டும் செய்ய விடும் வழியும் இருக்கிறது: நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ் குழுவில் சேர்த்து, ரெஜிஸ்ட்ரியில் லிமிடெட் ஆபரேட்டர் யூஐ என்ற மதிப்பை 1 ஆக்க வேண்டும். கொஞ்சம் மறைவான இடத்தில் இருக்கும் வசதி, ஆனால் கம்பெனி லேப்டாப்பில் இதைச் செய்யாமல் கொடுக்கக் கூடாது.

டனலுக்குள் வந்தவர் எங்கே போகலாம் என்பதையும் வயர்கார்டு பார்க்காது. க்ளையண்ட் பக்கம் இருக்கும் அலவ்டு ஐபி வரியை (எந்த ஐபிக்கெல்லாம் டனல் வழியாகப் போவது என்று சொல்வது) பார்த்து "இவருக்கு சர்வர் மட்டும்தான் தெரியும்" என்று பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். அது அவர் மெஷினில் இருக்கும் வரி, அவர் நினைத்தால் மாற்றிவிடலாம். தடுப்பது சர்வர் பக்கத்து ஃபயர்வாலில்தான் நடக்க வேண்டும்: டனலிலிருந்து வருவது 3389க்கு மட்டும் போகட்டும், மற்றது எல்லாம் அடை. ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 2017இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குத் தாவியது ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட் வழியாக, அந்தப் போர்ட் டனலுக்குள் திறந்திருந்தால் அந்த மாதிரி ஒன்று குறியாக்கம் செய்யப்பட்டே பத்திரமாக நம் சர்வருக்கு வந்து சேரும்.

நடைமுறைத் தொல்லைகள் சில இருக்கின்றன, எல்லாமே சமாளிக்கக் கூடியவை. பெரிய தொல்லை, நம் ஆபீஸ் லைனுக்குச் சொந்தமாகப் பொது ஐபி இல்லாமல் இருப்பது. பல பிராட்பேண்ட் லைன்களில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள், அங்கே வெளியிலிருந்து வரும் பாக்கெட் நம் ரவுட்டரை எட்டவே எட்டாது. ஸ்டேட்டிக் ஐபி வாங்க வேண்டும், அல்லது சின்னதாக ஒரு விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் வாடகை சர்வர்) எடுத்து, ஆபீஸ் சர்வரும் வீட்டு லேப்டாப்பும் இரண்டுமே அதோடு இணையும்படி வைக்க வேண்டும். இரண்டாவது வழியில் ஆபீஸ் பக்கம் 25 விநாடி கீப்அலைவ் (வழி மூடாமல் இருக்க அவ்வப்போது பாக்கெட் அனுப்புவது) போட மறந்தால் கொஞ்ச நேரத்தில் வழி மூடிக்கொள்ளும். விபிஎஸ்ஸில் டேட்டா ஒருமுறை பூட்டு திறந்து மறுபடி பூட்டப்படுகிறது என்பதையும் கவனத்தில் வையுங்கள், அந்த மெஷினும் நம் பூட்டின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது, அதன் அப்டேட்டை யார் பார்ப்பது என்று முன்பே பேசி வைக்க வேண்டும்.

ஆபீஸ் லேன் 192.168.1 என்று ஆரம்பித்தால், வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1 ஆக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, அப்போது டனல் ஏறும், சர்வர் கிடைக்காது. சர்வருக்கு டனலுக்குள் 10.77 போலத் தனி ஐபி கொடுத்து அதற்கே ரிமோட் டெஸ்க்டாப் போடச் சொன்னால் தீர்ந்தது. லாகின் ஆகும், அப்புறம் திரை கறுப்பாகவே நிற்கும் என்றால் பெரும்பாலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), 1420இலிருந்து 1280க்கு இறக்கிப் பாருங்கள். சில ஹோட்டல்களிலும் வாடிக்கையாளர் ஆபீஸ்களிலும் யுடிபியையே அடைத்து வைத்திருப்பார்கள், அங்கே வயர்கார்டு வராது, டிசிபி வழியாகப் போகும் வசதி அதில் இல்லை, மொபைல் ஹாட்ஸ்பாட்தான் வழி. மாறும் ஐபிக்காக டைனமிக் டிஎன்எஸ் பெயர் போட்டிருந்தால், டனல் ஏறும்போது ஒருமுறை மட்டுமே அந்தப் பெயரை ஐபியாக மாற்றிக்கொள்ளும், நடுவில் ஐபி மாறினால் டனலை அணைத்துப் போட வேண்டும். இன்னொன்று, கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும் வகை: ஃபேக்டரியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரின் சிமாஸ் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய்விட்டால் இணைப்பு ஏறாது. ஒவ்வொரு கை குலுக்கலிலும் ஒரு நேர முத்திரை இருக்கிறது, முன்னால் பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வருவதை, யாரோ பதிவு செய்து திரும்ப அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சர்வர் தள்ளிவிடும். எந்த எர்ரரும் வராது. அந்த மௌனம்தான் இதன் பலம் என்று மேலே சொன்னேன், கோளாறு தேடும்போது அதே மௌனம் நம்மை ரொம்ப அலைக்கழிக்கும்.

பதிவேடு விஷயத்தில் எனக்கு உண்மையான குறை உண்டு. யார் எப்போது வந்தார் என்று வயர்கார்டு தானாக எழுதி வைப்பதில்லை. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவுப்படி கம்பெனிகள் தங்கள் கணினி அமைப்புகளின் லாகை (நடந்ததன் பதிவு) 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவம் நடந்தால் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விபிஎன் சேவை விற்பவர்களை வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வைக்கச் சொல்லும் பகுதி, கம்பெனி தன் ஆட்களுக்காக வைத்திருக்கும் விபிஎன்னுக்குப் பொருந்தாது என்று பின்னால் விளக்கம் கொடுத்தார்கள், ஆனால் லாக் விஷயம் அப்படியே இருக்கிறது. "டபிள்யூஜி ஷோ" காட்டுவதை நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதி வைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதோடு ஃபயர்வால் லாக், விண்டோஸ் லாகின் லாக், மூன்றையும் வேறு ஒரு மெஷினில் சேர்க்க வேண்டும். ஒரு தயாரிப்பாக இது சேர்ந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், ஓபன்விபிஎன் 2001இலிருந்து இருக்கிறது, பாஸ்வேர்டு, ஓடிபி, டிசிபி 443 (வெப்சைட்கள் ஓடும் போர்ட்) எல்லாம் அதில் முடியும், ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்தில் அல்லது யுடிபி அடைத்த இடங்களுக்கே அதிகம் போகும் விற்பனைப் பிரிவுக்கு நான் அதையே சொல்வேன். டெயில்ஸ்கேல் வயர்கார்டு மேலேயே கட்டியது, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கால் லாகின், பொது ஐபி இல்லாத லைனிலும் ஏறும், கீ கணக்கை அதுவே பார்க்கும். யார் யாருடன் சேரலாம் என்று சொல்லும் சர்வர் அவர்கள் கையில் இருக்கிறது, அது ஒத்துக்கொள்ளக் கூடியதா என்று முதலாளியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஐடிக்குத் தனி ஆளே இல்லாத கம்பெனிக்கு, வெறும் வயர்கார்டைவிட அதுவே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். பழைய ரவுட்டர்களில் இருக்கும் பிபிடிபி என்ற விபிஎன் முறையை மட்டும் தொடவே வேண்டாம், 2012இலேயே அதன் லாகின் முறையை உடைத்துக் காட்டிவிட்டார்கள். அமெரிக்க அரசு வேலை சார்ந்த வாடிக்கையாளர் எஃப்ஐபிஎஸ் (அந்த அரசின் குறியாக்கத் தரம்) கேட்டால் வயர்கார்டு அங்கே தேறாது, சாச்சா20 அந்தப் பட்டியலில் இல்லை, ஐபிசெக் பக்கம் போக வேண்டியதுதான்.

போடுவதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ரவுட்டர்ஓஎஸ் 7 ஓடும் மைக்ரோடிக் ரவுட்டரிலும் ஓபன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டரிலும் உள்ளேயே இருக்கிறது, இல்லையென்றால் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று போதும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி, இந்த நாட்களை ஒட்டி மாற்றாதீர்கள், 22, 23 தேதி வாக்கில் ஆரம்பியுங்கள். பழைய 3389 வழியை உடனே மூட வேண்டாம், ஒவ்வொருவராக டனலுக்கு மாற்றி, எல்லாருடைய கீயும் கை குலுக்கிவிட்டது என்று பட்டியலில் பார்த்த பிறகு ரவுட்டரில் அந்த ஃபார்வர்டை அழியுங்கள். அதோடு ரவுட்டரில் தானாகப் போர்ட் திறந்துவிடும் யுபிஎன்பியையும் அணையுங்கள், கேமரா டிவிஆருக்காக யாராவது திறந்து வைத்த போர்ட் இருந்தால் அதையும் அழியுங்கள். அப்புறம் ஃபோனில் வைஃபையை அணைத்து, வயர்கார்டையும் அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து ஆபீஸ் ஐபிக்கு ரிமோட் டெஸ்க்டாப் போட்டுப் பாருங்கள். லாகின் கேட்டால் எங்கேயோ இன்னொரு ஃபார்வர்டு மிச்சம் இருக்கிறது, ஆபீஸுக்கு இரண்டு லைன் இருந்தால் பெரும்பாலும் அது இரண்டாவது லைனின் ரவுட்டரில்தான் இருக்கும்.